‘ஈ, டி, ஐ, டி’ அடித்தால் ஆவணம் காலி!

1974-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ ஆராய்ச்சிக்கூடத்தில் ‘பிராவோ’ என்றொரு மென்பொருள் உருவானது. பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் அதை அந்தக் கூடத்தின் ஆல்ட்டோ கணினிக்காக எழுதினார்கள். தாள் போல நெட்டுக்குத்தாக நின்ற திரையில் எழுத்துகள் எப்படித் தெரிந்தனவோ, அப்படியே அச்சிலும் வந்தன. பச்சை எழுத்துகள் மட்டுமே மினுங்கும் முனையங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது மாயாஜாலம். மவுஸும் இருந்தது.

அதே பிராவோவைப் பற்றி பார்க்கில் ஒரு கதை சொல்வார்கள். தட்டச்சு செய்வதாக நினைத்துக்கொண்டு ஒருவர் ‘எடிட்’ என்று அடிக்கிறார். மென்பொருளோ அப்போது கட்டளைக்காகக் காத்திருக்கிறது. ‘ஈ’ என்றால் எல்லாவற்றையும் தேர்வு செய். ‘டி’ என்றால் அழி. ‘ஐ’ என்றால் புதிதாகச் சேர். கடைசி ‘டி’ மட்டும் திரையில் எழுத்தாக விழும். முழு ஆவணமும் போய், ஓர் எழுத்து மிஞ்சும்!

படம் காட்டும் திரை வந்ததும் கணினி எளிதாகிவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். பிராவோ அதற்கு எதிர்சாட்சி. திரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்த நேரத்தில் எந்த விசை என்ன செய்யும் என்பதை மனிதர்தான் மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இரட்டை வேடத்தை, அதாவது ‘மோடு’ என்ற ஏற்பாட்டை, பார்க்கில் வேலை பார்த்த லாரி டெஸ்லர் அடியோடு வெறுத்தார். தன் காரின் எண் பலகையிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று போட்டுக்கொண்ட மனிதர். ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் அண்ட் கம்பெனி என்ற பாடநூல் பதிப்பகத்துக்கு மென்பொருள் வேண்டியிருந்தது. டெஸ்லரும், பதிப்பகத்தின் சார்பில் வந்த டிம் மாட்டும் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். நிரல் எழுதுவதற்கு முன், வெற்றுத் திரைக்கு எதிரே ஓர் எடிட்டரை உட்காரவைத்து, கையில் மவுஸைக் கொடுத்து, “இதில் உங்கள் பிரதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் திருத்துவீர்கள்?” என்கிற மாதிரி மாட் கேட்டார். அந்த எடிட்டர்களுக்குக் கத்தரியும் பசையும்தான் தெரியும். வெட்ட வேண்டும், வேறிடத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதிலிருந்து பிறந்தது ‘ஜிப்ஸி’. கிளிக் செய்த இடத்தில் அடித்தால் எழுத்து வரும். அதற்குத் தனிக் கட்டளை கிடையாது. இழுத்தால் வரி தேர்வாகும், இருமுறை தட்டினால் சொல் தேர்வாகும். ‘கட்’, ‘பேஸ்ட்’ இன்று வரை நாம் செய்வதுதான். என் கணக்கில், வரைகலை இடைமுகத்தின் உண்மையான பிறப்பு பார்க்கின் மின்னும் திரைகளில் நிகழவில்லை. பொறியாளர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு எடிட்டரின் கையைக் கவனித்த அந்த நேரத்தில் நிகழ்ந்தது. மவுஸை உருவாக்கி 1968-ல் உலகுக்குக் காட்டிய டக்ளஸ் எங்கல்பார்ட்கூட, பயன்படுத்துபவர் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற கட்சிதான்.

1981-ல் ஜெராக்ஸ் தன் ‘ஸ்டார்’ கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 16,000 டாலருக்கு மேல். யார் வாங்குவார்கள்?

டெஸ்லர் அதற்குள் ஆப்பிளுக்குப் போயிருந்தார். அங்கே 1983-ல் வந்த லிசாவும், 1984-ல் வந்த மெக்கின்டாஷும் ஆல்ட்டோவின் நகல்கள் என்பது பாதி உண்மை. ஆல்ட்டோவின் மவுஸில் மூன்று பொத்தான்கள். லிசாவில் ஒன்றே ஒன்று. தப்பான பொத்தானை அழுத்தவே வழியில்லை. ஆப்பிளின் பில் அட்கின்சன் மெனுக்களைத் திரையின் உச்சியில் வரிசையாகத் தொங்கவிட்டார். என்னவெல்லாம் செய்யலாம் என்பதை நினைவில் தேட வேண்டாம், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இப்போது செய்ய முடியாதவை மங்கித் தெரியும். செய்தது தவறானால் திரும்பப் பெற ‘அண்டூ’ இருந்தது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய விஷயம். கெட்டுப்போகுமோ என்ற பயம் போனால்தானே மனிதர் கணினியைத் தொட்டுப் பார்ப்பார்!

மெக்கின்டாஷின் சின்னங்களை வரைந்த சூசன் கேர் கலை வரலாறு படித்தவர். கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அவற்றை உருவாக்கினார். அதன் விசைப்பலகையிலோ ஆப்பிள் அம்புக்குறி விசைகளே வைக்கவில்லை. பழைய மென்பொருள்களை அப்படியே தூக்கிக்கொண்டு வராமல், மவுஸுக்காகப் புதிதாக எழுதட்டும் என்ற பிடிவாதம். கொஞ்சம் அராஜகம்தான், ஆனால் பலித்தது.

எல்லாமே எளிதாகிவிடவில்லை. முதல் மெக்கின்டாஷில் 128 கிலோபைட் நினைவகம், ஒரே ஒரு பிளாப்பி டிரைவ் என்பதால் வட்டுகளை மாற்றி மாற்றிச் செருகியே கை ஓய்ந்துபோகும். கோப்பை அழிக்க அதைக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுக்க வேண்டும். பிளாப்பியை வெளியே எடுக்கவும் அதே குப்பைத்தொட்டிக்குத்தான் இழுக்க வேண்டும்! உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பலரும் நடுங்கினார்கள். இந்தக் குழப்பம் தீரப் பல ஆண்டுகள் பிடித்தன. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகுதான், வட்டை இழுக்கத் தொடங்கியதும் குப்பைத்தொட்டி ‘வெளியேற்று’ குறியாக உருமாறக் கற்றுக்கொண்டது.