மலையும் மனையும்

மனை என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. வாழ்வோரின் தொழிலும் உறவும் பழக்கமும் அதனுள் அடங்கும். மலைவாழ் மக்களுக்கு அரசு வீடு கட்டித் தரும்போது இவ்வுண்மை மறக்கப்படின் விளைவது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர்கொண்டு இவர்களைக் கேரளத்தார் எனக் கருதுதல் பிழை. இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்பது இவர்களது மரபுவழிச் செய்தி. மண்சுவரும் புற்கூரையும் கொண்டது இவர்களின் பழைய வீடு. சாமையும் தினையும் கேழ்வரகும் பரணில் ஏறும். அடுப்புப் புகை தானியத்தைப் பூச்சியினின்று காக்கும். அரசின் காங்கிரீட் வீடு மழைக்கும் தீக்கும் அஞ்சாதது; அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பரணும் மாட்டுக் கொட்டிலும் இல்லாத வீட்டில் உழவன் எங்ஙனம் வாழ்வான் என்ற வினா எழவே செய்கிறது.

வீட்டோடு இடமும் மாறும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. ஆனைமலைப் பகுதியில், வால்பாறையை அடுத்த கல்லார் குடியிருப்பில் காடர் இன மக்கள் வாழ்ந்து வந்தனர். 2019 ஆகஸ்ட் பெருமழையில் அங்கு நிலச்சரிவு ஏற்படவே, அவர்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் தங்க வைக்கப்பட்டனர். கூரை கிடைத்தது, ஆனால் தேனும் காடுபடு பொருளும் தேடி வாழ்ந்தவர்களுக்குக் காடு தொலைவாயிற்று. தெப்பக்குளமேடு என்னும் இடமே தமக்கு ஏற்றது என்று அவர்கள் தொடர்ந்து போராடினர். வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2021-ஆம் ஆண்டில் அவ்விடத்திலேயே உரிமை பெற்றனர்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. எகிப்து நாட்டின் லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய கல்லறைகள் நிறைந்த குன்றுச்சரிவில் குர்னா மக்கள் வீடமைத்து வாழ்ந்தனர். கல்லறைப் பொருள்கள் களவு போவதைத் தடுக்க எண்ணிய அரசு, அவர்களைச் சமவெளியில் குடியமர்த்த முற்பட்டது. 1945-இல் அப்பணியை ஏற்ற கட்டடக்கலை அறிஞர் ஹஸன் ஃபத்ஹி, பச்சைச் செங்கல்லால் கவிகை மாடங்களும் பள்ளிவாசலும் சந்தையும் கொண்ட அழகிய ஊரை எழுப்பினார். ஆயினும் மக்களில் பெரும்பாலோர் குடிபெயர மறுத்தனர். குன்றைச் சார்ந்திருந்தது அவர்களின் பிழைப்பு. மேலும், கவிகை அவர்கள் கண்ணுக்குப் பெரியோர் அடக்கத்தலத்தின் அடையாளம். தர்காக்களை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். 1948-இல் பணி நின்றது. 2006 முதல் அரசு பழைய வீடுகளை இடித்து மக்களை வேறொரு புதிய குடியிருப்புக்கு மாற்றியது. நல்லெண்ணமும் அருங்கலையும் கூட, மக்களின் இசைவுக்கு ஈடாகா என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டது எனலாம். காட்டுயிர்களின் முக்கிய வாழிடங்களிலிருந்து மக்களை இடம்பெயர்க்க, முழு விவரம் அறிந்து கிராமசபை எழுத்து வழி அளிக்கும் இசைவு வேண்டும் என்கிறது அது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மலைமக்களின் சொல் அவைக்கு வரவேண்டும். கல்வராயன் மலையூர்களிலிருந்து கல்வி நாடி இறங்கிவரும் மாணாக்கர், தம் வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூத்தோர் வழங்கும் பெயரையும் பயனையும் எழுதி வைப்பாராக. வீட்டுக்கு வரைபடம் தீட்டுவோர் முதலில் படிக்க வேண்டிய ஏடு அதுவே.