ஏரியில் மீன் செத்து மிதந்தால்

ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையில் திறந்துவிடும் தண்ணீர், கொசஸ்தலை ஆற்றில் பள்ளிப்பட்டு, திருத்தணி பகுதிகளைக் கடந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். வழியெல்லாம் நெல்லும் கரும்பும். பயிருக்கு அடித்த மருந்தில் ஒரு பகுதி, அடுத்த மழையில் இந்தத் தண்ணீரில்தான் வந்து சேரும்.

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற மருந்துகள் மீனின் நரம்பைத் தாக்குகின்றன. மீன் துடிக்கும், ஒருக்களித்துச் சுழலும், செவுள் அசைவு நின்று மூச்சடைத்துச் சாகும். சைபர்மெத்ரின் வகை இன்னும் கொடியது. லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் கலந்தாலே பல வகை மீன்கள் நான்கு நாளுக்குள் செத்துவிடும். பிழைத்த மீனும் சரியாக இரை எடுக்காது, முட்டை குறையும், நோய் எளிதில் பற்றும். குஞ்சுகள் தின்னும் நீர்ப்பூச்சிகள் அதற்கு முன்பே அழிந்திருக்கும்.

மருந்து டப்பாவில் பச்சை முக்கோணம் இருந்தால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை வைத்து வகுத்தது. மீனுக்கு அது பொருந்தாது. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையைத்தான் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், மழையில் வழிந்து வருவதைவிட மன்னிக்க முடியாதது ஸ்பிரேயரைக் கால்வாயில் கழுவுவது. டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றி, அதே வயலில் அடித்துவிடலாம். கூடுதல் செலவு ஏதுமில்லை.

செத்த மீனெல்லாம் மருந்தால் செத்ததல்ல. விடியற்காலையில் பெரிய மீன்கள் மட்டும் மேலே வந்து வாய் பிளந்து செத்தால், பெரும்பாலும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். பொழுது பாராமல் குஞ்சு, பெரிது, இறால், நீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து செத்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். அந்த மீனைச் சமைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

நீர்நிலையில் தெரிந்தே நஞ்சைக் கலப்பதை 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு தடைசெய்கிறது. மீனைக் கொல்ல நஞ்சிடுவதை 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுக்கிறது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து நஷ்டப்பட்டவர், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 5 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்டு மனு போடலாம்.

ஆனால் சாட்சியம் ஒரே நாளில் கரைந்துவிடும். செத்த மீனைப் புதைப்பதற்கு முன், கிராம நிர்வாக அலுவலரையும் மீன்வளத் துறையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் அழையுங்கள். அவர்கள் வரத் தாமதமானால், கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை விளிம்புவரை பிடித்து, அழுகாத மீன் சிலவற்றோடு ஐஸில் வையுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, போட்டோவும் எடுத்து வையுங்கள்.