மொய் நோட்டும் நாட்குறிப்பும்



மேலூர் வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரு நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதுதான் மொய் நோட்டு. திருமணமோ காதணி விழாவோ, மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ண, மற்றொருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். பல ஆண்டுகள் கழித்து அவர் வீட்டு அழைப்பிதழ் வந்ததும், பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாம் கிளம்புகிறோம். பெற்றதை மறந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

மனிதர் செய்ததை இப்படி எழுதி வைக்கும் நாம், இறைவன் நாள்தோறும் செய்வதை எங்கே எழுதி வைக்கிறோம்? ஆண்டவரின் நன்மைகளை மறக்கலாகாது எனத் திருப்பாடல் ஆசிரியர் தம் உள்ளத்துக்கே நினைவூட்டுகிறார் (திபா 103:2). அந்த நினைவூட்டலுக்கு நல்லதொரு வழி நாட்குறிப்பு.

திருச்சபைக்கு இது புதிதல்ல. புனித லொயோலா இஞ்ஞாசியார் 1521ம் ஆண்டு போரில் காலில் காயமுற்றுப் படுத்திருந்தபோது, கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாற்றையும் படித்து, ஒரு நோட்டில் குறிப்பெழுதினார். இயேசுவின் சொற்களைச் சிவப்பு மையாலும், அன்னை மரியாவின் சொற்களை நீல மையாலும் எழுதினார். பின்னர் மன்ரேசாவில் தம் உள்ள அனுபவங்களை எழுதத் தொடங்கிய குறிப்புகளே 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலாக வளர்ந்தன. இயேசு சபையின் தலைவரான பிறகும் அவர் நாட்குறிப்பு எழுதினார். 1544 பிப்ரவரி 2 முதல் 1545 பிப்ரவரி 27 வரையிலான பகுதி இன்றும் நம்மிடம் உள்ளது. அதில் அவர் தம் சாதனைகளைப் பட்டியலிடவில்லை. திருப்பலியில் பெற்ற ஆறுதல், சிந்திய கண்ணீர், இறைவிருப்பத்தைத் தேடிய தவிப்பு ஆகியவையே இருக்கின்றன.

திருத்தந்தை புனித 23ம் யோவான் 1895ம் ஆண்டு, 14 வயதுக் குருமட மாணவராக இருந்தபோதே ஆன்மீகக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். திருத்தந்தையான பிறகும் அதை விடவில்லை. ஆகவே இது பெரியவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. நம் இளையோரும் தொடங்கலாம்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. நான் முதன்முதலில் நாட்குறிப்பு எழுதி, ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தேன். பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திக்கொண்ட என் தம்பியைப் பற்றிப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தேன். அவன் சொன்னதெல்லாம் தேதியோடு இருந்தது. நான் சொன்னது ஒரு வரிகூட இல்லை. அது நாட்குறிப்பே அல்ல. தம்பியின் மேல் நான் எழுதிய குற்றப்பத்திரிகை! அன்பு தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் கணக்கு வைப்பதில்லை என்பது பவுலடியாரின் போதனை (1 கொரி 13:5). நானோ அதற்கென்றே ஒரு நோட்டு போட்டிருந்தேன்.

இதற்கு மருந்து இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனை. அதில் ஐந்து படிகள் உண்டு. இன்று பெற்ற கொடைகளுக்கு நன்றி கூறுவது, நம் பாவங்களை அறிய அருள் கேட்பது, காலை முதல் இரவு வரை நம் எண்ணம், சொல், செயலைப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, இறையருளால் திருந்த உறுதி எடுப்பது. படிக்கு ஒரு வரி எழுதினாலே போதும். நன்றிதான் முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரே குறையைத் திருத்த இன்னொரு வழியையும் அவர் சொல்கிறார். கோபம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு கோடுகள் வரைந்து, நண்பகல் வரை விழுந்த தடவைகளை முதல் கோட்டிலும், இரவு வரை விழுந்தவற்றை இரண்டாம் கோட்டிலும் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கோட்டோடு கோட்டையும், நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். புள்ளிகள் குறைகின்றனவா என்பதே கேள்வி.

அப்படி எழுதியபோதுதான் என் நாவின் கடுமை எனக்குத் தெரிந்தது. அதை ஒப்புரவு அருளடையாளத்தில் அறிக்கையிட்டேன். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அதிகம் பேசவில்லை. ஆனால் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். அன்றைய நன்றி வரி அதுதான்.

எழுத நேரமில்லை என்கிறோம். மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4ம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய நாள், சிறையில் கரியை மையாக்கிக் கடிதம் எழுதினார். நம் கையில் பேனா இருக்கிறது. இரவுச் செபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதா?

நிகழ்ந்தவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்த அன்னை மரியா (லூக் 2:19) நமக்குத் துணை நிற்பாராக. மொய் நோட்டின் பக்கத்திலேயே இன்று இன்னொரு நோட்டையும் வைப்போம்.