நினைவகத்திற்கும் துப்புரவு வேண்டும்

2003ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. கணிப்பொறி நினைவகத்தில் ஒரேயொரு பூச்சியம் ஒன்றாக மாறியதே காரணம் எனக் கருதப்படுகிறது. விண்வெளிக் கதிர்களாலும் இவ்வாறு நேரலாம்.

இதைத் தடுக்க, 64 பிட்டுகளுடன் 8 சரிபார்ப்புப் பிட்டுகளைச் சேர்க்கிறார்கள். ஒரு பிட் பிழைத்தால் திருத்தலாம். இரண்டு பிழைத்தால் கண்டறிய மட்டுமே முடியும். வீட்டை நாள்தோறும் பெருக்குகிறோம் அல்லவா? அதுபோல, இரண்டாம் பிழை சேருமுன் நினைவகம் முழுவதையும் படித்து, திருத்தி, மீண்டும் எழுதவேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் உள்ள இயக்கி நிரலே இத்துப்புரவின் வேகத்தை அமைக்கிறது. வன்பொருள் சில வேகங்களையே ஏற்கும். உண்மையில் அமைந்த வேகத்தை நிரல் தெரிவிக்கிறதா எனச் சரிபார்ப்பவர் பார்க்கவேண்டும். இல்லையேல், துப்புரவு விரைவாக நடப்பதாக நாம் நம்பியிருக்க, இரண்டாம் பிழை வந்து சேர்ந்துவிடும்.