உங்கள் வீட்டில் கொசுப்புழு இருக்கிறதா?

"எங்க வீடு பளிச்சுன்னு இருக்கு டாக்டர், பக்கத்துல சாக்கடைகூட இல்லை. எப்படி டெங்கு வந்துச்சு?" சென்னையில் மழைக்காலம் வந்தால் பலரும் கேட்கிற கேள்வி இது.

சாக்கடைக் கொசு வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். ஃபிரிட்ஜின் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மூடாத டிரம், மொட்டை மாடியில் கிடக்கும் கொட்டாங்கச்சி, இவை போதும். இது கடிப்பது பகலில். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவோ கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்ந்து இரவில் கடிக்கும்.

புகை போதாதா?

புகை வண்டி வந்தால் நிம்மதியாகி விடுகிறோம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. அதனால்தான் மாநகராட்சி ஊழியர் டார்ச்சோடு வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிறார். 100 வீடுகளில் 8 வீட்டில் புழு இருந்தால் அந்தப் பகுதியின் 'வீட்டுக் குறியீடு' 8. இந்த எண் ஏறினால், காய்ச்சல் பரவும் முன்பே அங்கே ஆட்களை அனுப்பலாம். "அப்புறம் வாங்க" என்று கதவைச் சாத்தினால் உங்கள் வீடு கணக்கில் வராது. புழு மட்டும் வளரும்.

வாரம் ஒரு நாள்

முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். எனவே வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே டிரம், வாளி, தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தை நார் போட்டுத் தேயுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொட்டிகளை இடுக்கின்றி மூடுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்?

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், சந்தனம், பற்படாகம், சுக்கு, மிளகு உள்பட 9 சரக்குகள் சேர்ந்தது அது. ஆனால் சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: குடிநீர் குடிச்சாச்சு என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. டெங்குவா, மலேரியாவா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். உங்கள் தெருவில் நோய் இருப்பது சுகாதாரத் துறைக்குத் தெரிவதும் அதனால்தான்.

நீங்களாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் விழுங்க வேண்டாம். இரத்தக் கசிவு கூடும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் 3 முதல் 7-ம் நாள்தான் ஆபத்தான கட்டம். "ஜுரம் விட்டுடுச்சு" என்று அசட்டையாக இருக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்றைக்கே ஃபிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்திப் பின்தட்டைப் பாருங்களேன்!