பழைய சிறிய சங்கிலி ரம்பம்: பழுது பார்ப்பதா, கைவிடுவதா?

சங்கிலி ரம்பம் என்பது ஒரு தகட்டைச் சுற்றி ஓடும் பல் சங்கிலியால் மரத்தை அறுக்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது செயின்சா என்றும், மரம் அறுக்கும் மிஷின் என்றும் அழைக்கப்படுகிறது. 1926ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் உருவாக்கிய மின்சாரச் சங்கிலி ரம்பம் ஏறத்தாழ 48 கிலோ எடை கொண்டது. அதை இயக்க இருவர் தேவைப்பட்டனர். பின்னர் எடை குறைந்து, ஒருவரே தூக்கி அறுக்கக்கூடிய சிறிய பெட்ரோல் ரம்பங்கள் வந்தன.

இத்தகைய சிறிய ரம்பம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தால் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. அதைப் பழுது பார்க்கலாமா, புதியது வாங்கலாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. பாதுகாப்பு, இயந்திரத்தின் உடல்நிலை, உதிரி பாகம், செலவு ஆகிய நான்கையும் இதே வரிசையில் பார்த்தால் விடை கிடைக்கும்.

பாதுகாப்பு

பலர் முதலில் விலையைக் கேட்கின்றனர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு அமைப்புகளையே. முழு வேகத்தில் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். தகட்டு நுனியின் மேல்பகுதி மரத்திலோ கிளையிலோ பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். அந்த வேளையில் சங்கிலியை நிறுத்துவது முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள பிரேக் ஆகும். 1970களுக்கு முந்தைய பல ரம்பங்களில் இந்த பிரேக் கிடையாது.

பின்வருவன இருக்கின்றனவா, வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும்:

- சங்கிலி பிரேக்
- அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி
- ஆக்சிலேட்டர் தானாக அழுந்தாமல் தடுக்கும் பூட்டு
- அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள்
- இயந்திரத்தை உடனே நிறுத்தும் சுவிட்ச்

பிரேக் இருந்து, அது தேய்ந்திருந்தால் சரி செய்யலாம். பிரேக்கே இல்லாத மாதிரி என்றால், இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதை வேலைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இயந்திரத்தைச் சோதித்தல்

பெரும்பாலான சிறிய பெட்ரோல் ரம்பங்களில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இயந்திரம். இதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கு வழவழப்புத் தருகிறது. (சங்கிலிக்கு உள்ள எண்ணெய் டேங்க் வேறு.) இயந்திரம் ஓட அழுத்தம், தீப்பொறி, எரிபொருள் ஆகிய மூன்றும் வேண்டும். எந்தச் சோதனைக்கும் முன் சங்கிலியைக் கழற்றி வைப்பது பாதுகாப்பானது.

1. அழுத்தம்: சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியால் ரம்பத்தைத் தூக்கித் தொங்கவிட வேண்டும். அது விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. தடையின்றிச் சரசரவென இறங்கினால் அழுத்தம் குறைவு. மெக்கானிக்கிடம் உள்ள மீட்டரில் 120 பி.எஸ்.ஐ. அளவுக்கு மேல் காட்டினால் நல்லது. 90க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது கடினம்.

2. பிஸ்டன்: சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் துளை வழியே பிஸ்டன் தெரியும். அதன் பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால், எண்ணெய் கலக்காத பெட்ரோலிலோ, காற்றுக் கசிவோடோ ஓடிச் சூடேறியது என்று பொருள்.

3. தீப்பொறி: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி சிலிண்டரைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி இல்லையெனில் முதலில் பிளக்கை மாற்றியும், சுவிட்ச் ஒயரைப் பிரித்தும் பார்க்க வேண்டும். மிகப் பழைய ரம்பங்களில் உள்ள பிளாட்டினம் பாயிண்ட்டில் பாசி பிடித்திருந்தால் சுத்தம் செய்யலாம். பிந்தைய மாதிரிகளில் உள்ள மூடிய காயில் கெட்டால் மாற்றத்தான் வேண்டும்.

4. எரிபொருள்: அழுத்தமும் பொறியும் இருந்தால், எண்ணெய் கலந்த பெட்ரோலில் சில துளிகளைப் பிளக் துளையில் விட்டு, பிளக்கை மாட்டி இழுக்க வேண்டும். சில நொடிகள் ஓடி நின்றால் அது நல்ல செய்தி. இயந்திரம் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

சிறிய பழுதும் பெரிய பழுதும்

கிடப்பில் இருந்த ரம்பங்களில் பெரும்பாலும் காணப்படுவது எரிபொருள் பாதைப் பழுதே. டேங்கிலிருந்து வரும் டியூப் வெடித்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், கார்புரேட்டரில் உள்ள மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருக்கும். இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கக்கூடும். ஆகவே டியூப், ஃபில்டர், சவ்வு ஆகியவற்றை ஒன்றாகவே மாற்றிவிடுவது சிக்கனம்.

கீறல் விழுந்த பிஸ்டன், சிலிண்டர், தேய்ந்த கிராங்க் பேரிங், வெடித்த உடற்பகுதி ஆகியவை பெரிய பழுதுகள். காற்று எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால், புதிய பிஸ்டனும் அதே வழியில் போகும்.

உதிரி பாகம்

சங்கிலி கிடைப்பது பொதுவாகக் கடினமல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்து 1940களில் வடிவமைத்த பல் முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. கண்ணி இடைவெளி, தகட்டுப் பள்ளத்தின் அகலம், உள்கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்தினால் வேறு நிறுவனச் சங்கிலியும் சேரும். ஆனால் கார்புரேட்டர், காயில், கிளட்ச் ஆகியவை அந்தந்த மாதிரிக்கே உரியவை. எனவே எதையும் வாங்குவதற்கு முன் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பாகங்கள் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கு

பழுதுச் செலவு, அதே அளவுள்ள தரமான புதிய ரம்பத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே மேல் என்பது பொதுவான கணக்கு. எடுத்துக்காட்டாக, புதியது 14,000 ரூபாய் என்று கொள்வோம். டியூப், சவ்வு, பிளக், சங்கிலி, கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆனால் பழுது பார்க்கலாம். பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து 8,000 ஆனால் விட்டுவிடலாம். சங்கிலி, தகடு, பல்சக்கரம் மூன்றின் தேய்மானத்தையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

பயன்பாட்டையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே வேலை என்றால், ரம்பத்தோடு வரும் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பது மலிவு. மறுபுறம், 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது போன்ற நாட்களில் ஆளும் ரம்பமும் எளிதில் கிடைக்கா. தோப்பு வைத்திருப்பவருக்கு நம்பகமாக ஸ்டார்ட் ஆகும் ரம்பம் ஒன்று தேவைதான்.

முடிவு செய்த பின்

பழுது பார்த்த ரம்பத்தை அதன் கையேட்டில் சொன்ன விகிதத்தில் எண்ணெய் கலந்தே ஓட்ட வேண்டும். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி.; பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு 25:1, அதாவது 40 மி.லி. தேவை. வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, மீதமுள்ள பெட்ரோல் தீரும்வரை ஓட்டி நிறுத்தினால் அடுத்த முறை சிக்கல் குறையும்.

கைவிட முடிவு செய்தால், பிரேக் இல்லாத ரம்பத்தைக் குறைந்த விலைக்கு இன்னொருவருக்கு விற்கக் கூடாது. அத்தகைய கருவி கடைசியில் கவசமோ கையுறையோ இல்லாத தினக்கூலித் தொழிலாளியின் கைக்கே போகிறது. டேங்கைக் காலி செய்து, உதவும் பாகங்களைக் கழற்றிக்கொண்டு, மீதியைப் பழைய இரும்புக் கடையில் போடுவதே முறையாகும்.