கன்றின் இருமலுக்குப் பின்னால் ஒரு புழு

தோட்டப்புறத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்குக் கன்றின் இருமல் புதிதல்ல. மழையில் நனைந்த சளி என்று விட்டுவிடுவார்கள். ஆனால், பிரிட்டன் பண்ணைகளில் மேய்ச்சல் கன்று இருமினால் முதல் சந்தேகம் நுரையீரல் புழுவின் மீதுதான். குளிர்ச்சியும் ஈரமும் உள்ள ஊர்களில்தான் இதன் தொல்லை அதிகம்.

வெள்ளை நூல் போன்ற இப்புழு மூச்சுக்குழாயில் தங்கி முட்டையிடும். இளம்புழுக்கள் இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, சாணத்தில் வெளியேறும். ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் நிலையை அடைந்துவிடும். கடும் வெயிலில் காய்ந்தால் பிழைக்காது.

சாணத்தை ஒட்டிய புல்லை மாடு பொதுவாகத் தொடாதே, பிறகு எப்படிப் பரவுகிறது? சாணத்தில் முளைக்கும் பைலோபோலஸ் என்ற பூஞ்சைதான் இதற்கு உடந்தை. இளம்புழுக்கள் அதன் உச்சியில் ஏறிக்கொள்கின்றன. அது வெடித்து வித்துகளை வீசும்போது இவையும் பறந்து, பல அடி தள்ளி நல்ல புல்லில் விழுகின்றன. மழையும் பரப்பும்.

முதன்முறையாக மேயப்போகும் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது, உயிரே போகலாம். பெரிய மாடோ நோயைக் காட்டாமலே புழுவைச் சுமக்கும். அது மேய்ந்த ஈரப் புல்லில் கன்றை விடுவது ஆபத்து. கதிர்வீச்சால் வலுவிழந்த இளம்புழுக்களைக் கொண்டே கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 1950களில் இதற்குத் தடுப்பு மருந்து கண்டனர்.

புதுச் சாணத்தைச் சோதித்தால் இளம்புழு தெரியும். ஆனால், உள்ளே போன புழு வளர்ந்து முட்டையிட மூன்று, நான்கு வாரமாகும். அதற்கு முன்பே இருமத் தொடங்கும் கன்றின் சாணத்தில் எதுவும் தென்படாது.